பம்பு கல் தின்ற இரவு

டேங்க் லெவல் எழுதும் லாக் ஷீட்டில் 58 என்று மூன்று முறை எழுதியிருந்தேன். இரவு 12 மணிக்கு ஒன்று, 1 மணிக்கு ஒன்று, 2 மணிக்கு ஒன்று. முதல் 58-ஐ டேங்க் பக்கத்தில் போய் டார்ச் அடித்துப் பார்த்து எழுதினேன். இரண்டாவதை இருபதடி தள்ளி நின்று பார்த்தேன். மூன்றாவதைப் பார்க்கவே இல்லை. பேனல் ரூம் ஏசியில் உட்கார்ந்தபடி மேலே இருந்த எண்ணை அப்படியே கீழே இறக்கி எழுதிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

இது நடந்தது 2016 தொடக்கத்தில். பி.டெக். கெமிக்கல் முடித்து எட்டு மாதம் ஆகியிருந்தது. தென் கடற்கரையோரம் ஒரு காஸ்டிக் சோடா ஆலையில் கிராஜுவேட் அப்ரெண்டிஸாக இருந்தேன். ஆலையின் பெயர் வேண்டாம். நான் சொல்லப்போகும் தப்பு என்னுடையது.

அந்த ஆலைக்கு நான் போய்ச் சேர்ந்ததே பாதி தற்செயல். கவுன்சலிங் ஹாலில் திரையில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நான் கேட்டிருந்த கல்லூரியில் மெக்கானிக்கல் தீர்ந்துபோனது. அடுத்த வரியில் கெமிக்கல் இருந்தது. "கெமிஸ்ட்ரில நல்ல மார்க்குதானே உனக்கு?" என்றார் அப்பா. ஆமாம் என்றேன். கெமிக்கல் இன்ஜினியரிங் என்றால் கெமிஸ்ட்ரிதான் என்று இருவருமே நம்பினோம். ஊரில் ஆச்சி மட்டும் "ஆசிட் கம்பெனிக்கா போற?" என்று கவலைப்பட்டாள். யோசித்துப் பார்த்தால், மூன்று பேரில் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருந்தவள் அவள்தான்.

கெமிக்கலில் கெமிஸ்ட்ரி ரொம்பக் குறைவு. வேதியியல் படித்தவர் ஒரு பீக்கரில் இரண்டு திரவத்தைக் கலந்து, சூடு கிளம்பினால் கொஞ்ச நேரம் ஆறவிடுவார். அதையே பத்தாயிரம் லிட்டர் பாத்திரத்தில் செய்தால் அது தானாக ஆறாது. பாத்திரத்தின் நீள அகல உயரத்தை இரண்டு மடங்காக்கினால் உள்ளே இருக்கும் சரக்கு எட்டு மடங்காகும். சூடு வெளியேறும் சுவரோ நான்கு மடங்குதான் கூடும். கிளம்புகிற சூட்டை எந்த வழியாக வெளியே எடுப்பது, எந்தக் குழாயில் எவ்வளவு வேகத்தில் எடுப்பது, நடுவில் கரண்ட் போனால் என்ன செய்வது என்பதுதான் எங்கள் படிப்பு. நான்கு வருடமும் குழாய், சூடு, ஓட்டம், அழுத்தம். முதல் பாடம் மாஸ் பேலன்ஸ்: உள்ளே வந்தது கழித்தல் வெளியே போனது, மீதி உள்ளே தங்கியது. வீட்டு வரவு செலவுக் கணக்குதான். அதில் எனக்கு நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல். இந்த மார்க்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தொழிற்சாலையைக் கண்ணில் பார்க்க எங்களுக்கு இரண்டு வாய்ப்பு கிடைத்தது. ஒன்று ஐ.வி., அதாவது இண்டஸ்ட்ரியல் விசிட். பேர்தான் அது. நான்கு நாள் பஸ் பயணம், கொச்சி, மூணாறு, நடுவில் ஒரு ஆலையில் நாற்பது நிமிடம். சத்தத்தில் கைடு சொன்னது எதுவும் காதில் விழவில்லை. கேன்டீனில் தந்த மிக்சர் மட்டும் நினைவிருக்கிறது. இன்னொன்று இன்-பிளாண்ட் டிரெயினிங். கல்லூரியில் போனஃபைட் சான்றிதழ் வாங்கி, ஏழெட்டு ஆலைகளுக்குக் கடிதம் போட்டு, ஒன்றில் பதினைந்து நாள் அனுமதி கிடைத்தது. முதல் நாள் சேஃப்டி கிளாஸ், தலைக்கு ஒரு ஹெல்மெட். அப்புறம் பதினான்கு நாளும் நூலக அறையில் உட்கார வைத்தார்கள். போன வருடப் பையன்கள் எழுதிய ரிப்போர்ட் அங்கேயே இருந்தது. அதைப் பார்த்துக் காப்பியடித்தோம். அவர்கள் அதற்கு முந்தைய வருடத்தைப் பார்த்துக் காப்பியடித்திருந்தார்கள் என்பது ஒரே எழுத்துப்பிழை இரண்டிலும் இருந்ததில் தெரிந்தது.

எனக்கு இதில் பிறகு எரிச்சலாக இருந்தது வேறு ஒன்று. இந்தப் படிப்பு பிறந்ததே ஆலை ஆலையாக ஏறி இறங்கிய ஒருவரால்தான். இங்கிலாந்தில் 1863-ல் ஆல்கலி சட்டம் வந்தது. சோடா ஆலைகள் கக்கிய ஹைட்ரஜன் குளோரைடு வாயுவில் 95 சதவீதத்தையாவது பிடித்தாக வேண்டும் என்றது சட்டம். அதை மேற்பார்வையிடும் ஆய்வாளராகப் பிற்பாடு வேலை பார்த்தவர் ஜார்ஜ் டேவிஸ். ஆலைக்கு ஆலை செய்கிற பொருள் வேறு, ஆனால் உள்ளே நடப்பது அதே சூடாக்கல், அதே வடிகட்டல், அதே ஆவியாக்கல்தான் என்பதை எடுத்துக்காட்டி, 1887-ல் மான்செஸ்டரில் பன்னிரண்டு சொற்பொழிவுகள் ஆற்றினார். கெமிக்கல் இன்ஜினியரிங் பாடத்தின் தொடக்கம் அது. எல்லா ஆலைக்கும் பொதுவான இந்த வேலைகளுக்கு 'யூனிட் ஆபரேஷன்ஸ்' என்ற பெயரை 1915-ல் கொடுத்தவர் அமெரிக்காவின் ஆர்தர் லிட்டில். அதற்கு அடுத்த வருடமே அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மாணவர்களை நேராக ஆலைக்குள் அனுப்பிப் படிக்க வைக்கும் பள்ளி ஒன்று தொடங்கியது. நம் பக்கமும் பழசுதான்: அழகப்பச் செட்டியார் கொடையில் கிண்டியில் ஏ.சி.டெக். (அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி) தொடங்கியது 1944-ல். இத்தனை வருடம் கழித்து எங்கள் கைக்கு வந்தது மூணாறு டூர்.

கேம்பஸுக்கு வந்த கம்பெனிகளில் முக்கால்வாசி ஐ.டி. கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் சோழிங்கநல்லூர் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வீட்டில் கடன் எல்லோருக்கும் இருந்தது. நான் போகாததற்குப் பெரிய லட்சியம் எதுவும் காரணமில்லை, ஆப்டிட்யூட் தேர்வில் தோற்றேன். தரமணியில் இருக்கும் அப்ரெண்டிஸ் பயிற்சி வாரியத்தில் பெயரைப் பதிந்துவைத்தேன். சில மாதம் கழித்து அழைப்பு வந்தது. ஒரு வருடம், மாதம் ரூ. 4,984. மத்திய அரசு வகுத்த குறைந்தபட்ச உதவித்தொகை அப்போது அவ்வளவுதான், அதில் பாதியை அரசே ஆலைக்குத் திருப்பிக் கொடுத்துவிடும். 2019-ல் அதை 9,000 ஆக்கினார்கள். "நாலாயிரத்துச் சொச்சத்துக்கா இன்ஜினியரிங் படிச்சே?" என்று மாமா கேட்டார். வாடகைக்கும் மெஸ்ஸுக்கும் போக மிச்சம் இருந்ததில்லை, அதனால் பதிலும் இருந்ததில்லை.

ஆலையில் முதல் மாதம் எனக்குத் தந்த வேலை லைன் டிரேஸ் பண்ணுவது. ஒரு வெள்ளைத் தாள், பென்சில், டார்ச். ஒரு குழாயைப் பிடித்துக்கொண்டு அது எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, வழியில் எத்தனை வால்வு, எந்த இடத்தில் வடிகால் என்று நடந்து நடந்து வரைய வேண்டும். தலைக்கு மேல் ஐம்பது குழாய் ஒன்றாக ஓடும் இடத்தில் நம் குழாய் தொலைந்துவிடும். திரும்ப முதலிலிருந்து.

எனக்கு வாத்தியார் ஒரு ஃபீல்டு ஆபரேட்டர் அண்ணன். ஐ.டி.ஐ.யில் ஏ.ஓ.சி.பி. (கெமிக்கல் பிளாண்ட் ஆபரேட்டர் படிப்பு) முடித்தவர், இருபத்திரண்டு வருட சர்வீஸ். ஒரு நாள் குளோரின் லைனைத் தொட்டுக் காட்டி, "இது டைட்டானியம். அங்க சல்ஃபூரிக் ஆசிட் டவரைத் தாண்டினா சாதா இரும்பு. ஏன் மாத்திட்டான்? யோசிச்சு நாளைக்குச் சொல்லு" என்றார். விலை அதிகம் என்பதால் மிச்சம் பிடித்திருப்பார்கள் என்றேன். சிரித்தார். ஈரக் குளோரின் இரும்பைத் தின்றுவிடும், டைட்டானியத்தை ஒன்றும் செய்யாது. ஆசிட்டில் உலர்த்திய பிறகு தலைகீழ்: உலர் குளோரினை இரும்பு தாங்கும், டைட்டானியமோ அதில் தீப்பற்றி எரியும். விலை உயர்ந்த குழாய் நல்ல குழாய் என்ற எண்ணம் அன்றைக்குப் போனது.

அவரிடம் கற்றவை பெரும்பாலும் இப்படித்தான். உள்ளே நுழைந்ததும் முதலில் காற்றுப்பையைப் பார்க்க வேண்டும், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று. குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனம், தரையோடு படர்ந்து வரும்; கசிந்தால் காற்றுக்குக் குறுக்காக விலகி, காற்று வரும் பக்கமாக உயரமான இடத்துக்கு ஏறு என்பார். எங்கே கசிகிறது என்று தேட ஒரு குச்சியின் நுனியில் துணி கட்டி, அம்மோனியாக் கரைசலில் நனைத்து, குழாய்கள் சேரும் ஃப்ளாஞ்ச் ஃப்ளாஞ்சாக ஆரத்தி காட்டுவதுபோலக் காட்டிக்கொண்டு போவார். கசியும் இடத்தில் வெள்ளைப் புகை கிளம்பும். அம்மோனியம் குளோரைடு. பிளஸ் டூவில் சமன்பாடாக எழுதியதுதான், ஆனால் அதைக் கண்ணால் பார்த்தது அங்கேதான்.

சரி, அந்த இரவுக்கு வருகிறேன்.

ஆலை என்ன செய்கிறது என்று சுருக்கமாகச் சொன்னால்தான் புரியும். உப்பைத் தண்ணீரில் கரைத்து மின்சாரம் பாய்ச்சினால் காஸ்டிக் சோடா, குளோரின், ஹைட்ரஜன் மூன்றும் கிடைக்கும். ஒரு டன் காஸ்டிக்குக் கூடவே ஏறக்குறைய 886 கிலோ குளோரின் பிறந்தே தீரும். ஒன்று வேண்டும் ஒன்று வேண்டாம் என்று சொல்ல முடியாத இரட்டைப் பிள்ளைகள். உப்புக் கரைசலை ஆலையில் யாரும் உப்புக் கரைசல் என்று சொல்வதில்லை, பிரைன்தான். உப்பளத்து உப்பில் கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்தே வரும். மின்சாரம் பாய்ச்சும் செல்லுக்குள் இருக்கும் மெம்பிரேன் என்ற மெல்லிய சவ்வு அதைத் தாங்காது. அதனால் பிரைனைப் படியவைத்து, வடிகட்டி, ரெசின் வழியாக அனுப்பி, அந்த இரண்டும் சேர்ந்து நூறு கோடியில் இருபது பங்குக்கும் கீழே வரும்வரை சுத்தம் செய்ய வேண்டும். நடுவழியில் வடிகட்டிய பிரைனைத் தேக்கிவைக்க ஒரு டேங்க். நூறு கன மீட்டர் பிடிக்கும். அந்த டேங்கின் லெவலைப் பேனலுக்கு அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் ரிப்பேருக்குப் போய் இரண்டு நாள் ஆகியிருந்தது. அது வரும்வரை டேங்கின் பக்கவாட்டில் இருக்கும் லெவல் கிளாஸை, அதாவது உள்ளே இருக்கும் மட்டத்தைக் காட்டும் கண்ணாடிக் குழாயை, மணிக்கொரு தரம் பார்த்து எழுதும் பொறுப்பு அப்ரெண்டிஸுக்கு.

மூன்றே கால் மணி இருக்கும். டீ முடிந்து அண்ணனோடு பிரைன் ஏரியா வழியாக நடந்து வந்துகொண்டிருந்தேன். ஊரில் எதிர்வீட்டுக்காரன் போர் போட்ட கதையை அவர் சொல்லிக்கொண்டு வந்தார். பாதி வாக்கியத்தில் நின்றார்.

"தம்பி, பம்பு கல்லு திங்குது. கேக்கலையா ஒனக்கு?"

எனக்கு எல்லாச் சத்தமும் ஒரே சத்தமாகத்தான் கேட்டது. அவர் கையைக் காட்டிய பிறகுதான் பிரித்துக் கேட்க முடிந்தது. மற்ற பம்புகள் ஒரே சீராக உறுமிக்கொண்டிருக்க, ஒன்று மட்டும் ஜல்லியை மிக்ஸியில் போட்டதுபோலக் கரகரவென்று இருந்தது. அவர் அதற்குள் ஓடிவிட்டார். டிஸ்சார்ஜ் வால்வைச் சுற்றிச் சுற்றிப் பாதி மூடினார். வாக்கி-டாக்கியில் பேனலுக்கு "லோடு குறைங்க, லோடு குறைங்க, டேங்க் காலி" என்று கத்தினார். பக்கத்து டேங்கிலிருந்து வரும் லைனைத் திறக்கச் சொன்னார். எந்த வால்வு என்று எனக்குத் தெரிந்தது, முதல் மாதத்தில் நான் வரைந்த லைன் அது. அன்றிரவு நான் உருப்படியாகச் செய்தது அந்த ஒன்றுதான்.

ஆலை டிரிப் ஆகவில்லை, அதாவது தானாக நின்றுபோகவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே டேங்கைப் பார்த்தேன். லெவல் கிளாஸில் 58 அப்படியே நின்றது.

"காலின்னு சொன்னீங்க, 58 இருக்கே அண்ணே?"

அவர் பதில் சொல்லாமல் கிளாஸின் அடியில் இருந்த சின்ன வடிகாலைத் திறந்தார். கண்ணாடிக்குள் இருந்த பிரைன் ஒரு டம்ளர் அளவு வடிந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. கண்ணாடியை டேங்கோடு இணைக்கும் கீழ்க் காக்கின் (சின்ன வால்வின்) வாயைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. இரண்டு நாளாக நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், பார்க்க அழகாக இருக்கிறது என்று ஒரு தரம் நினைத்தும் இருக்கிறேன். ஹோஸை வைத்துத் தண்ணீரை உள்ளே பீய்ச்சினார். உப்பு கரைந்து வழி திறந்ததும் கண்ணாடியில் பிரைன் மெதுவாக ஏறி, ஒரு சாண் உயரத்துக்கும் கீழேயே நின்றுவிட்டது. உண்மையான லெவல் அதுதான். ஆறு சதவீதம்.

விடிகாலை ஷிஃப்ட் இன்சார்ஜ் கூப்பிட்டார். திட்டுவார் என்று போனேன். லாக் ஷீட்டை என் முன்னால் விரித்து வைத்தார்.

"டேங்க்குக்கு உள்ள வர்ற ஃப்ளோ 11 மணிக்கு முன்னாடி எவ்வளவு?"

"40 சார்."

"11-க்கு அப்புறம்?"

28. ஒரு ஃபில்டரைக் கழுவ எடுத்தார்கள், அதன் வால்வு சிக்கிக்கொண்டது, மற்ற ஃபில்டர்களில் மட்டும் ஓடியது. அந்த 28-ஐயும் எழுதியது நான்தான். அதே தாளில், 58-க்கு நான்கு கட்டம் தள்ளி, என் கையெழுத்தில். வெளியே போனது அப்போதும் 40. மணிக்குப் பன்னிரண்டு கன மீட்டர் குறைகிறது. இருந்தது ஐம்பத்தெட்டு. ஐந்து மணி நேரம்கூடத் தாங்காது. தாளின் பின்பக்கம் அதை எழுதிக் காட்டச் சொன்னார். எழுதினேன். முதல் வருடப் பாடம், தொண்ணூறு மார்க் வாங்கிய பாடம்.

"ரெண்டு மணிக்கு நேர்ல போய்ப் பாத்தீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தேன் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். "போயிருந்தாலும் 58-தான் எழுதியிருப்பீங்க" என்றார். அதுதான் இத்தனை வருடமாக என்னைக் குடைவது. போகாதது தப்புதான். ஆனால் மூன்று முறையும் ஒழுங்காகப் போய், டார்ச் அடித்து, நேர்மையாக 58 என்று எழுதியிருந்தாலும் பம்பு கல் தின்றிருக்கும். இத்தனை கன மீட்டர் உள்ளே வந்து இத்தனை வெளியே போகிற டேங்கில் லெவல் ஆடாமல் நிற்கிறதே என்ற சந்தேகம் வந்திருக்க வேண்டும். கல்லூரியில் கேள்வித்தாளில் 'லெவல் 58 சதவீதம் எனக் கொள்க' என்று போட்டிருப்பார்கள். கொண்டுவிடுவோம். ஆலையில் 58 என்பது ஒரு கண்ணாடிக் குழாய் சொல்கிற சேதி. அது சொல்வதை நம்பலாமா என்று யாராவது கேட்க வேண்டும், அதற்குத்தான் ஆள் வைத்திருக்கிறார்கள்.

பழைய எண்ணைக் கிறுக்கி அழிக்கச் சொல்லாமல் அதன் மேல் ஒரு கோடு மட்டும் போடச் சொன்னார். பழைய 58 படிக்கும்படி தெரிய வேண்டும், பக்கத்தில் சரியான எண், கையெழுத்து, நேரம். ஒயிட்னர் தொட்டால் கையை உடைப்பேன் என்று அப்போதுதான் கொஞ்சம் குரலை உயர்த்தினார்.

(பம்பு கல் தின்பதற்குப் புத்தகத்தில் கேவிட்டேஷன் என்று பெயர், பம்புக்குள் திரவம் ஆவிக் குமிழியாகி உடைவது. கறாராகப் பார்த்தால் அன்று நடந்தது டேங்க் வற்றிச் சுழலில் காற்றை உறிஞ்சியது, கேவிட்டேஷன் அல்ல. இதை அடுத்த நாள் அண்ணனிடம் விளக்கினேன். "சத்தம் ஒண்ணுதானே?" என்றார்.)

போபாலைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்தக் கண்ணாடிக் குழாய் ஞாபகம் வரும். 1984 டிசம்பர் 2 இரவு, விஷவாயு கசிந்த 610-ம் எண் டேங்கில் அழுத்தம் பத்தரை மணிவாக்கில் 2 பி.எஸ்.ஐ. 11 மணிக்கு 10. பத்து என்பதும் வழக்கமான வரம்புக்குள்தான், அதனால் யாரும் பதறவில்லை. எண்ணைப் பார்த்தார்கள், அது அரை மணியில் ஐந்து மடங்கானதைப் பார்க்கவில்லை. போதாததற்கு அங்கே கருவிகள் பழுதாகிப் பழுதாகி, தொழிலாளிகள் அவற்றை நம்புவதையே விட்டிருந்தார்கள். குளிரூட்டும் இயந்திரம் மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டிருந்தது, விஷவாயுவை எரிக்க வேண்டிய ஃப்ளேர் டவரின் குழாய் கழற்றப்பட்டிருந்தது. அதற்கெல்லாம் பொறுப்பு ஷிஃப்டில் இருந்தவர்கள் அல்ல, செலவைக் குறைத்த மேலிடம். என் டேங்கில் இருந்தது வெறும் உப்புத் தண்ணீர். அந்த வித்தியாசத்துக்கு நான் ஒன்றும் செய்யவில்லை.

ஒரு வருடம் முடிந்து சான்றிதழ் வாங்கினேன். அடுத்த வேலைக்கான இன்டர்வியூவில் ஹீட் எக்ஸ்சேஞ்சர் ஃபார்முலா எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் "பிளாண்ட்ல நீங்க பண்ண பெரிய தப்பு என்ன?" என்றார்கள். 58 கதையைச் சொன்னேன். குழுவில் இருந்த வயதானவர் ஒருவர் மட்டும், "லெவல் கிளாஸ் வடிச்சுப் பாத்தீங்களா?" என்று கேட்டுத் தலையாட்டினார். அந்த வேலை கிடைத்தது. கதையாலா, ஃபார்முலாவாலா, தெரியாது.

இப்போது வேறொரு ஆலையில் பிராசஸ் இன்ஜினியர். வருடத்துக்கு இரண்டு முறை கல்லூரிப் பிள்ளைகள் போனஃபைட் சான்றிதழோடு வருகிறார்கள். நூலக அறையில் உட்கார வைப்பதுதான் எங்களுக்கும் சுலபம், ஆபத்தில்லாததும்கூட. அந்த ஆட்களை இப்போது கொஞ்சம் புரிந்துகொள்கிறேன். ஆனாலும் சேஃப்டி கிளாஸ் முடிந்த கையோடு ஆளுக்கொரு வெள்ளைத் தாளும் டார்ச்சும் கொடுத்து, ஒரு ஆபரேட்டரைத் துணைக்கு அனுப்பி, கூலிங் வாட்டர் லைனிலாவது விட்டுவிடுவேன். தண்ணீர்தானே.

போன மாதம் வந்த மூன்றாம் வருடப் பெண் இரண்டாம் நாள் மாலை தாளோடு வந்து நின்றாள்.

"சார், இந்த இடத்துல ஒரு பைபாஸ் வால்வு இருக்கு. உங்க டிராயிங்ல இல்ல."

இருக்காது, வேறு லைனைப் பார்த்திருப்பாய் என்றேன். இல்லை சார், ரெண்டு தடவை நடந்து பார்த்தேன் என்றாள். டிராயிங்கை எடுத்துக்கொண்டு கூடப் போனேன். பைப் ரேக்குக்குப் பின்னால், குனிந்தால்தான் தெரிகிற இடத்தில், குழாயோடு குழாயாக அதே சாம்பல் பெயின்ட் அடித்து ஒரு வால்வு இருந்தது. வருடக்கணக்காக அந்த வழியாக நடந்திருக்கிறேன். அது திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்றும் சொல்ல முடியவில்லை, ஹேண்ட்வீலை யாரோ கழற்றியிருந்தார்கள். அவள் தாளில் அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாள். மூன்று ஷிஃப்டிலும் விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.